‘உதிரிப்பூக்கள்’ பின்னணி இசையை நாடா மக்குவதற்குள் வெளியே கொண்டுவாருங்கள்

தமிழ்த் திரைப்படங்களின் ஒலிப்பதிவு உரிமையைக் கையில் வைத்திருக்கும் இசை நிறுவனங்களுக்கும் தயாரிப்பாளர் குடும்பங்களுக்கும்,

பின்னணி இசையைத் தனியாக வெளியிட்டால் வாங்குவதற்கு ஆளில்லை என்று உங்களில் ஒருவர் எங்களுக்குப் பதில் எழுதியிருக்கிறார். கோவை, மேட்டுப்பாளையம், கோபி, திருப்பூர்ப் பக்கத்து இசைப் பித்தர்கள் சிலர் சேர்ந்து அனுப்பிய விண்ணப்பத்துக்கு வந்த இரண்டு வரி அது. எழுதியவர் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. மற்றவர்கள் அந்த இரண்டு வரியைக்கூட எழுதவில்லை. பதில் போட்டவருக்கு அந்த மரியாதையாவது மிஞ்சட்டும். ஆனால் அவர் சொன்ன காரணத்தை ஏற்றுக்கொண்டு சும்மா இருக்க எங்களால் முடியாது. அது தவறான காரணம். எப்படித் தவறு என்று சொல்ல என்னிடம் ஒரு தொழில் அனுபவம் இருக்கிறது.

நான் காரமடையில் ரேடியோ செட், அதாவது விசேஷங்களுக்கு ஒலிபெருக்கி, கட்டும் தொழில் செய்பவன். அப்பா ஆரம்பித்தது, இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் நோம்பி, மாசித் தேர் என்று எங்கள் குழாய் கட்டாத ஊர் இந்தச் சுற்றுவட்டாரத்தில் குறைவு. மக்கள் எதைப் போடச் சொல்கிறார்கள், எது ஓடும்போது பேச்சை நிறுத்துகிறார்கள், எது வந்தால் எழுந்து போகிறார்கள் என்பதை ஆம்ப்ளிபயர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன்.

இசைத்தட்டுக் காலத்தில் உங்கள் துறை இரண்டு சரக்குகளை விற்றது. ஒன்று பாட்டு. மற்றொன்று கதை வசனம். ஒரு படத்தின் முக்கியக் காட்சிகளைச் சுருக்கித் தட்டிலும் பிறகு கேசட்டிலும் அடைத்து விற்றீர்கள். ஊர் ஊராக அது ஓடியது. முகூர்த்தத்துக்கு முந்தின இரவு கதை வசனம் போட்டால், பந்தலில் காய் நறுக்கிக்கொண்டிருக்கும் பெண்கள் கையை நிறுத்திக் கேட்பார்கள். அந்த வசனங்களுக்கு இடையில் இசை வரும். சில நொடிகள்தான். அதை மறுபடியும் வைக்கச் சொல்லி எங்கள் மேசைக்கு வந்து நின்றவர்கள் இருந்தார்கள். பெரிய சங்கீதம் கற்றவர்கள் யாரும் இல்லை. தறி ஓட்டுகிறவர்கள், வாழை மண்டியில் சுமை தூக்குகிறவர்கள். ஊசியைத் தூக்கிப் பின்னால் வைப்பேன். வசனத்தோடு சேர்ந்துதான் வரும், வேறு வழியில்லை என்று சொல்லி அனுப்புவேன். வானொலியில் ஒலிச்சித்திரம், அதாவது படத்தின் ஒலி மட்டும், ஒலிபரப்பான நாட்களிலும் இதே கதைதான். படத்தைப் பார்க்காமலேயே அதன் பின்னணி இசையை மனப்பாடமாக முணுமுணுக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

ஆகவே கேட்க ஆள் இருந்தார்கள். அவர்களுக்குக் கொடுப்பதற்கான சரக்கு மட்டும் கடைக்கு வரவில்லை.

அன்றைக்கு வராததற்கு நியாயமான காரணம் உண்டு. இ.பி. என்ற சிறிய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏழெட்டு நிமிடம் நிற்கும். எல்.பி. என்ற பெரிய தட்டில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்தைச் சற்றுத் தாண்டும். நான்கைந்து பாட்டு வைத்தவுடன் இடம் தீர்ந்துவிடும். பாட்டுக்கு முன்னால் பின்னணி இசைக்கு இடம் கொடுங்கள் என்று அன்று யாரும் கேட்டிருக்க முடியாது. இன்று அந்த நெருக்கடி ஏது? இணையத்தில் ஒரு படத்தின் முழு இசையை ஏற்றுவதற்கும் ஒரே ஒரு பாட்டை ஏற்றுவதற்கும் உங்களுக்குச் செலவு வித்தியாசம் எவ்வளவு வந்துவிடப்போகிறது?

எங்கள் கோரிக்கையில் முதலாவதாக நிற்கும் படம் ‘உதிரிப்பூக்கள்’. 1979இல் மகேந்திரன் இயக்கி வந்தது. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யைத் தொட்டு எழுந்த கதை. ஒளிப்பதிவு அசோக்குமார், இசை இளையராஜா. எங்களுக்கு இது எங்கோ எடுத்த படம் கிடையாது. மேட்டுப்பாளையத்தை அடுத்த வெள்ளிப்பாளையத்தில் எடுத்தார்கள். அதில் ஓடும் ஆறு எங்கள் பவானி. ஊரார் எல்லோரும் கரையில் நிற்க, கதையின் மையப் பாத்திரமான சுந்தரவடிவேலு தண்ணீருக்குள் இறங்கும் அந்தக் கடைசிக் காட்சியை, இடம் தெரிந்து பார்க்கிற வாய்ப்பு எங்களுக்கு உண்டு.

‘அழகிய கண்ணே’ பாட்டைத் தெரியாதவர் தமிழ்நாட்டில் அநேகமாக இல்லை. அதைப் பற்றி எங்களுக்குக் குறையும் இல்லை. அது எல்லா வடிவத்திலும் கிடைக்கிறது. அந்தப் பாட்டுக்கு வெளியே படம் நெடுகிலும் இருக்கும் இசையைத்தான் கேட்கிறோம். மகேந்திரன் தன் பாத்திரங்களை அதிகம் பேசவிடாத இயக்குநர். பேச்சு குறைந்த படத்தில் இசைக்கு வேலை கூடும். அந்த வேலையை இளையராஜா எப்படிச் செய்தார் என்பதை விமர்சகர்கள் எழுதியிருக்கிறார்கள், திரைப்பட மாணவர்கள் பாடமாகப் பார்க்கிறார்கள். புகழ்கிற எல்லோரும் புகழ்வது படத்தின் ஒலித்தடத்தில் மற்ற சத்தங்களுக்கு அடியில் கிடக்கும் இசையை. அதைத் தனியாக, சுத்தமாகக் கேட்டவர்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் அன்று இருந்தவர்கள் மட்டுமே.

எங்களுக்குக் கிடைப்பது என்ன? தொலைக்காட்சியில் தேய்ந்த பிரதி, அதிலிருந்து எடுத்த வீடியோ, அந்த வீடியோவிலிருந்து யாரோ ஒரு ரசிகர் வெட்டி எடுத்த அரை நிமிடத் துண்டு. துண்டின் நடுவே ஒரு கதவு சாத்தும், ஒரு குழந்தை கூப்பிடும், பிலிம் கீறல் கரகரக்கும். அடியில் இழைவது வயலின் கூட்டமா, மனிதக் குரலா என்று எங்களுக்குள்ளேயே சண்டை நடக்கிறது. கோபிக்காரர் ஒருவர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு மூன்று வாரம் எங்களோடு பேசாமல் இருந்தார். சிரிக்கலாம். ஆனால் 1979இல் பதிவான ஓர் இசையில் என்ன வாத்தியம் ஒலிக்கிறது என்று அகழ்வாராய்ச்சி செய்ய வேண்டிய நிலையில் கேட்பவர்களை வைத்திருப்பது சிரிக்கிற விஷயமாக எனக்குப் படவில்லை.

இனி அந்த இசை பதிவாகியிருக்கும் காந்த நாடாவுக்கு வருகிறேன், ஏனென்றால் அவசரம் அங்கேதான் இருக்கிறது.

அந்தக் காலத்து ரீரெக்கார்டிங், அதாவது பின்னணி இசைப் பதிவு, எப்படி நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எடிட்டிங் முடிந்த படத்தை ரீல் ரீலாகத் திரையில் ஓட்டுவார்கள். 1000 அடி ரீல் ஏறக்குறைய 11 நிமிடம் ஓடும். இசையமைப்பாளர் பார்த்துவிட்டு இசைக்குறிப்பு எழுதித் தருவார். வாத்தியக்காரர்கள் எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து, திரையில் படம் ஓட ஓட வாசிப்பார்கள். அது காந்தப் பூச்சு உள்ள பிலிமில் பதிவாகும். வசனம் ஒரு தடம், இசை ஒரு தடம், மற்றச் சத்தங்கள் ஒரு தடம். மிக்சிங்கில் மூன்றும் சேர்ந்து ஒரே தடமாகி, பிரதியின் ஓரத்தில் ஒளிக்கோடாக ஏறும். சேர்ந்த பிறகு சுத்தமாகப் பிரிக்க முடியாது. சேர்வதற்கு முன்னால் இருந்த அந்த இசைத் தடம்தான் எங்கள் கண்ணில் தங்கம்.

அந்தக் காந்தப் பிலிம் பெரும்பாலும் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. சூடும் ஈரமும் பட்டால் அசிடேட் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் நாற்றம் அடிக்கும். பூச்சில் இருக்கும் இரும்பு ஆக்சைடு அந்தச் சிதைவை இன்னும் வேகப்படுத்துகிறது. பிலிம் சுருங்கி, நெளிந்து, கடைசியில் எந்த எந்திரத்திலும் ஓடாத பொருளாகிவிடும். ஒரு டப்பா கெட்டால் அதன் ஆவி பக்கத்து டப்பாக்களையும் கெடுக்கும். பாலியெஸ்டர் நாடாவாக இருந்தாலும் தப்பிப்பதில்லை. பூச்சைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். அதைக் குறைந்த சூட்டில் பல மணி நேரம் வைத்து, தற்காலிகமாகச் சரிசெய்து ஒருமுறை ஓட்டிப் பதிவு செய்துகொள்ள வழி இருக்கிறது. அசிடேட்டுக்கு அந்தச் சலுகையும் கிடையாது. சென்னை வெயிலிலும் கடற்காற்றிலும், குளிரூட்டாத கிடங்கில் 45 ஆண்டுகளைத் தாண்டிய ஒரு டப்பாவுக்குள் இப்போது என்ன மிச்சம் இருக்கும் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கோவைக்காரர்களுக்கு இந்தக் கவலை கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். 1914இல் சாமிக்கண்ணு வின்சென்ட் வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டிய ஊர் இது. சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜாவும் இங்கே ஓடின. எம்.எஸ்.விஸ்வநாதன் பையனாக வேலை பார்த்து, இசையமைப்பாளர் எஸ்.எம்.சுப்பையா நாயுடுவிடம் தொழில் பழகியது இந்தக் கோவையில்தான். குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற 1954ஆம் ஆண்டின் ‘மலைக்கள்ளன்’ பட்சிராஜாவின் படம். 1940களில் இங்கே பதிவான பின்னணி இசையைத் தனியாகக் கேட்பதற்கு இனி அநேகமாக வழியில்லை. அப்போது காந்த நாடா நம் ஸ்டூடியோக்களுக்கு வரவில்லை, ஒலி நேரடியாகப் பிலிமில் பதிவானது. அந்த இழப்புக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. 1979ஆம் ஆண்டுப் படத்துக்கு அந்தச் சமாதானம் செல்லாது.

வாங்க ஆளில்லை என்ற பேச்சுக்குத் திரும்புகிறேன். பாட்டே இல்லாத ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ படத்துக்கு 2013இல் இளையராஜாவின் பின்னணி இசை மட்டுமே தனித் தொகுப்பாக வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1986இல், ‘ஹவ் டு நேம் இட்’ என்ற தொகுப்பைச் சொல்லில்லாத இசையாகவே கேசட்டில் வாங்கினோம். அந்தக் கேசட் என் கடையில் இழுபட்டு இழுபட்டு நைந்துபோனது. பாலு மகேந்திரா அதன் பகுதிகளைத் தன் ‘வீடு’ படத்துக்குப் பின்னணி இசையாகவே எடுத்துக்கொண்டார். 2009ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து தேசிய விருதுக் குழு பாடல் இசைக்கு ஒன்று, பின்னணி இசைக்கு ஒன்று என்று விருதைப் பிரித்து வழங்குகிறது. அவ்வாண்டு பின்னணி இசைக்கான விருது ‘பழசிராஜா’வுக்காக இளையராஜாவுக்கே போனது. 2025 மார்ச் 8ஆம் தேதி இலண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியபோது அரங்கில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்பதைப் புகைப்படங்களில் பார்த்திருப்பீர்கள். அதிலும் ஒரு வரி பாட்டுக் கிடையாது.

வெளிநாட்டில் இது ஒரு தனித் தொழிலாகவே நடக்கிறது. அமெரிக்காவில் இன்ட்ராடா, லா-லா லேண்ட் ரெக்கார்ட்ஸ் போன்ற சிறிய நிறுவனங்கள் பழைய படங்களின் மூல நாடாக்களை ஸ்டூடியோக் கிடங்குகளில் தேடி எடுத்து, முழுப் பின்னணி இசையையும் விரிவான பதிப்பாக வெளியிடுகின்றன. சில ஆயிரம் பிரதிகள்தான் அடிப்பார்கள். ஒவ்வொரு துண்டும் எந்தக் காட்சிக்கு உரியது, முதலில் எழுதியது எது, படத்தில் வெட்டப்பட்டது எது என்று ஒரு சிறு புத்தகமே உள்ளே இருக்கும். கோடிக்கணக்கானவர்கள் வாங்க வேண்டியதில்லை. ஆயிரம் பேர் முன்பணம் கட்டினால் அச்சுச் செலவுக்கு வழி பிறக்கும். கொங்கு நாட்டில் ஒரு கோயில் கும்பாபிஷேகத்துக்கு ரசீதுப் புத்தகம் போட்டு வசூலித்துப் பழகியவர்கள் நாங்கள். முன்பதிவைச் சேர்த்துத் தரும் வேலையை எங்களிடம் விடுங்கள்.

உரிமைச் சிக்கல் இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது, தெரியும். சட்டப்படி திரைப்படத்தின் மீதும் ஒலிப்பதிவின் மீதும் உள்ள உரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1979ஆம் ஆண்டுப் படத்துக்கு அது 2039 முடியும்வரை. இசையமைப்பாளரின் உரிமை அதற்கும் அப்பால் நீள்கிறது. அவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள். 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டியில் பங்கை உறுதிப்படுத்தியிருக்கிறது. நீங்களும் இசையமைப்பாளர்களும் வழக்காடு மன்றங்களில் சந்தித்துக்கொள்வதை நாங்கள் செய்தித்தாளில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. வழக்கு முடியும் தேதிக்காக அமிலம் காத்திருக்காது என்பதை மட்டும் இரண்டு தரப்பாரும் யோசியுங்கள். உரிமை யாருக்கு என்பது முடிவாவதற்கு முன்பே, நாடாவைப் பிரதி எடுத்து வைக்க யாருடைய சம்மதமும் தடையாக இருக்க வேண்டியதில்லை.

நாடாவே இல்லை என்றால்? அப்போதும் ஒன்று கேட்கிறேன்: தேடினீர்களா? காந்தப் பிலிம் விலை அதிகம் என்று அழித்து மறுபடி பயன்படுத்தும் வழக்கம் அன்று இருந்தது, உண்மை. ஆனால் வேறு மொழியில் டப்பிங் செய்வதற்காக, வசனம் நீக்கிய இசை–ஒலித் தடத்தைத் தனியே எடுத்து வைக்கும் வழக்கமும் இருந்தது. டப்பிங்குக்குப் போன படங்களுக்கு அந்தப் பிரதி ஹைதராபாத்திலோ திருவனந்தபுரத்திலோ ஏதாவது ஒரு பிலிம் லேபில் தூங்கிக்கொண்டிருக்கலாம். எதுவுமே கிடைக்காத படங்களுக்கு, ஒலியைப் பிரித்தெடுக்கும் புதிய மென்பொருள்கள் இருக்கின்றன. ஒரு பழைய கேசட்டில் பியானோவோடு கலந்துகிடந்த ஜான் லெனானின் குரலைப் பிரித்தெடுத்து 2023இல் பீட்டில்ஸ் ஒரு புதுப் பாட்டே வெளியிட்டார்கள். அது கடைசிக் கட்ட வைத்தியம். அப்படிப் பிரித்த இசையில் ஒரு தண்ணீர்த்தன்மை வந்துவிடும், பழகிய காது உடனே கண்டுபிடிக்கும். மூல நாடா கிடைக்கும்போது அதை எடுக்காமல் இதை நம்புவதை நாங்கள் ஒப்பமாட்டோம்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பட்ட அனுபவம் இருக்கிறது. பழைய பாட்டுக்களை மறுபடி வெளியிடும்போது எதிரொலி கூட்டுவது, ஒற்றைத் தடத்தை இழுத்து இரண்டாக்கி ஸ்டீரியோ என்று எழுதுவது, அடியில் புது டிரம்ஸ் சேர்த்து ஜங்கார் என்று விற்பது எல்லாவற்றையும் நீங்கள் செய்து பார்த்துவிட்டீர்கள். என் மேசைக்கு அப்படி வந்த தட்டுக்களை வாடிக்கையாளர்கள் பாதியில் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். பின்னணி இசைக்கு அந்த உபசாரம் வேண்டாம்.

மகேந்திரன் 2019இல் போய்விட்டார். அசோக்குமார் அதற்கு முன்பே, 2014இல். அன்று கூடத்தில் உட்கார்ந்து வாசித்தவர்களில் பலரும் முதியவர்கள். இசையமைத்தவர் 80 வயதைக் கடந்தும் எழுதிக்கொண்டிருக்கிறார். எந்தத் துண்டு எந்தக் காட்சிக்கு, யார் வாசித்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள இன்றைக்கு ஆள் இருக்கிறது.

ஆகவே நாங்கள் உங்களிடம் கேட்பது இவை. முதலில், உங்கள் கிடங்கில் 1970களிலும் 80களிலும் வந்த படங்களின் இசைத் தடங்கள் எவை இருக்கின்றன, எவை இல்லை என்ற பட்டியலை ஆறு மாதத்துக்குள் வெளிப்படையாகச் சொல்லுங்கள். ‘உதிரிப்பூக்கள்’ அந்தப் பட்டியலில் முதல் வரியாக இருக்கட்டும். இல்லை என்ற பதிலாக இருந்தாலும் எழுத்தில் கொடுங்கள், வேறு இடத்தில் தேடுவதற்கு அது எங்களுக்கு உதவும். இருப்பவற்றை, விற்பனை பற்றிய முடிவுக்குக் காத்திராமல், உடனே 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த டிஜிட்டல் தரத்தில் எந்தச் சேர்ப்பும் இல்லாமல் பிரதி எடுங்கள். ஒரு பிரதியைப் புனேயில் இருக்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்து வையுங்கள். பிறகு இளையராஜாவோடு உட்கார்ந்து பேசி, அவர் பங்கை முறையாக எழுதி, ‘உதிரிப்பூக்கள்’ முழு இசையையும் படத்தில் வரும் வரிசையிலேயே, பாடல்களோடு சேர்த்து ஒரே தொகுப்பாக வெளியிடுங்கள். வசனம் வேண்டாம், எதிரொலி வேண்டாம். வாசித்த கலைஞர்களின் பெயர்களை விசாரித்து உள்ளே அச்சிடுங்கள். எல்.பி. போட்டாலும் சரி, குறுந்தட்டு போட்டாலும் சரி, இணையத்தில் விற்றாலும் சரி, முன்பதிவை அறிவியுங்கள். உங்களுக்கே வெளியிட மனமில்லை என்றால், வெளியிட முன்வரும் சிறு நிறுவனத்துக்கு இந்த ஒரு தொகுப்புக்கு மட்டும் உரிமம் கொடுங்கள்.

பதிலை இந்த மடல் வெளியான இடத்திலேயே, எல்லோரும் படிக்கும்படி எழுதுங்கள்.

காரமடை, மேட்டுப்பாளையம், கோவை, கோபி, திருப்பூர் வட்டாரக் கேட்பவர்கள் சார்பில்,
ஒரு ரேடியோ செட்காரர்